வோல்கா கரையில் ஒரு வேதுக் குளியல்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அனுமந்தபுரம் போகும் சாலையை ஒட்டி அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருக்கிறது. முன்பு இரண்டு ஏக்கர். அரை ஏக்கரை விற்றுத்தான் மகளை ரஷ்யாவில் கசான் நகரத்துக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற பல வீடுகளில் இதுதான் கதை. கிணற்றுப் பாசனம், நவரைக்கும் சொர்ணவாரிக்கும் நெல். வீடு மறைமலை நகரில். அப்பாவுக்கு விடிந்தால் கழனி, அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வீட்டில் மூத்தவர் என்று ஆயா ஒருவர்தான். தாத்தா 2023 மே மாதத்தில் போய்விட்டார்.

2024 ஜூன் இரண்டாவது வாரம், தேர்வு முடிந்த கையோடு கசானில் அந்தப் பெண்ணின் வகுப்புத் தோழர்கள் பன்னிரண்டு பேர் வோல்கா ஆற்றங்கரையில் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கக் கிளம்பினார்கள். ரஷ்யர்கள், தாத்தாரியர்கள், கேரளத்துப் பையன் ஒருவன், தமிழ்ப் பெண்கள் இருவர். தாம்பரம் - செங்கல்பட்டு வண்டி மாதிரியே அங்கேயும் ஒரு மின்சார ரயில். அதில் ஒரு மணி நேரம், பிறகு மூட்டையைச் சுமந்துகொண்டு நடை. கரை முழுக்க வெள்ளைப் பட்டையோடு பிர்ச் மரங்கள். இமயமலையில் எழுதுவதற்குப் பட்டை உரித்தார்களே பூர்ஜ மரம், அதன் பங்காளிதான் இந்த மரம்.

போய்ச் சேர்ந்ததும் பையன்கள் கூடாரம்கூட அடிக்கவில்லை. கல் பொறுக்கப் போனார்கள். "பான்யா கட்டப் போறோம்" என்றார்கள். பான்யா என்பது ரஷ்யர்களின் நீராவிக் குளியல். ஊருக்குள் அதற்கென்று மரத்தாலான தனி அறை இருக்கும். காட்டில் தங்கும்போது கல்லும் தார்ப்பாயும் போதும்.

கல் பொறுக்குவதிலேயே ஒரு படிப்பு இருந்தது. தண்ணீருக்குள் கிடந்த கல்லை எடுக்கவில்லை. ஈரம் ஊறிய கல் நெருப்பில் வெடித்துத் தெறிக்கும். தகடு தகடாக அடுக்கு தெரிகிற கல்லையும் விட்டுவிட்டார்கள். கரைக்கு மேலே காய்ந்து கிடந்த, விரிசல் இல்லாத உருண்டைக் கற்களாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் இன்னொரு கல்லால் தட்டிப் பார்த்தார்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் தள்ளு. நம்மூரில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காது.

கல்லை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் அடுப்பு மாதிரி வாய் விட்டு, மூன்று மணி நேரம் விறகு எரித்தார்கள். கல் சிவக்கும் தறுவாயில் எரிப்பதை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த கங்கை ஒன்றுவிடாமல் மண்வெட்டியால் அள்ளித் தூரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் பிறகுதான் நான்கு கம்பு நட்டு மேலே தார்ப்பாய். இந்த வரிசை மாறக் கூடாது. ஒரு கங்கு உள்ளே கிடந்தாலும் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணில் எரிச்சல் கிடையாது, ஆளைத் தூங்க வைத்துக் கொன்றுவிடும். மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

தார்ப்பாய் கட்டியதும் முதல் குவளைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றி, எழுந்த ஆவியை வெளியே விட்டார்கள். கல்லில் ஒட்டியிருந்த சாம்பலும் புகை நாற்றமும் அதோடு போய்விடும். தரையில் பிர்ச் தழையைப் பரப்பினார்கள்.

சூடு அதிகமாக இருக்கும்போது பையன்கள் முதலில் போனார்கள். அவர்கள் முடித்து வந்தபின் பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு. ரஷ்யப் பெண்கள் தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். வேர்க்கிற இடத்தில் கம்பளித் தொப்பி எதற்கு என்று நம் பெண்ணுக்குச் சிரிப்பு. தலைக்குச் சூடு ஏறாமல் இருக்கத்தான் அது. வெயிலில் நம் ஆட்கள் துண்டை உருமால் கட்டுவதில்லையா? அவளும் தன் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டியது. "கீழே உட்கார், மேலே சூடு அதிகம்" என்றாள் தோழி. கல்லில் அரைக் குவளை தண்ணீர் விழுந்தது. சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள் ஆவி தோளில் வந்து இறங்கியது. பிறகு பிர்ச் கொத்து. தழையோடு கட்டிய கிளைக் கற்றை அது. வெந்நீரில் ஊறவைத்து எடுத்து முதுகுக்கு மேலே விசிறி ஆவியை இறக்குகிறார்கள், பிறகு மெல்லத் தட்டுகிறார்கள். அடி என்று சொல்ல முடியாது; மந்திரிக்கிறவர் வேப்பிலையால் தடவுகிற பதம். பச்சைத் தழை வெந்த வாசனை மூக்கில் ஏறி, நாள் கணக்காக அடைத்திருந்த சளி இளகியது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"போதும், வெளியே வாங்க!"

தார்ப்பாய்க்கு வெளியிலிருந்து குரல். ஒரு பெண் உள்ளே வராமல் வெளியிலேயே கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளுக்கு வேலை. ஒவ்வொருத்தி பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வராவிட்டால் தார்ப்பாயைத் தூக்கிவிடுவாள்.

வெளியே வந்த வேகத்தில் நேராக வோல்காவுக்குள் ஓடினார்கள். ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் நம்மூர்த் தை மாதத்துக் கிணற்றுத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. நம் பெண் போட்ட கூச்சலில் அடுத்த கூடாரத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். ஆனால் கரையேறி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சூடான டீயைக் கையில் வாங்கிய அந்த நேரம் இருக்கிறதே, உடம்பில் ஒரு பாரமும் இல்லாமல், தேர்வு, கடன், விற்ற நிலம் எதுவும் மனசில் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "ஊரை விட்டு வந்ததிலிருந்து அன்னைக்குத்தான்ம்மா நிம்மதியா இருந்தேன்" என்று பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

கால் மணி நேரம் இளைப்பாறல், மறுபடி உள்ளே. அப்படி மூன்று சுற்று. நடுவில் குடிக்க டீயும் கிவாஸும். கிவாஸ் என்பது ரை ரொட்டியைப் புளிக்க வைத்து எடுக்கிற பானம். ரை என்கிற தானியத்தை அங்கே நம் கம்பு மாதிரி ஏழைகளின் தானியம் என்பார்கள். நம்முடைய புளித்த கூழுக்கும் நீராகாரத்துக்கும் தூரத்துச் சொந்தம் என்று கிவாஸைச் சொல்லலாம். வோட்காவை ஒரு பையன் எடுத்து வந்திருந்தான். குளியல் முடியும்வரை மூட்டையைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டு ஆவிக் குளியலுக்குப் போய் அங்கேயே விழுந்தவர்கள் உண்டு.

எல்லாம் முடிந்து வெளியே வருகிறவரிடம் ரஷ்யர்கள் "ஸ் லியோக்கிம் பாரம்" என்று சொல்வார்கள். இலேசான ஆவி வாய்த்ததற்கு வாழ்த்து.

கேள்விப்படாதவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரத்தில் தொகுத்த பழைய நாளாகமத்தில் ஒரு கதை வருகிறது. ஏசுவின் சீடர் அந்திரேயா வடக்கே போனபோது, மக்கள் மரக் குளியலறையில் சூடேற்றிக்கொண்டு, தங்களைத் தாங்களே இளங்கிளையால் அடித்துக்கொண்டு, குற்றுயிராக வெளியே வந்து பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வதைப் பார்த்து வியந்தாராம். நம் பரங்கிமலைக்குத் தோமா வந்ததாகச் சொல்வது போல அங்கே அந்திரேயா. கதை எப்படியோ, வழக்கம் அவ்வளவு பழையது. பக்கத்து நாடான பின்லாந்தில் இதற்கு சவுனா என்று பெயர். 2020 இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே 80 முதல் 100 டிகிரி வரை காய்ந்த சூடு. ரஷ்யாவில் 60, 70 டிகிரிதான், ஆனால் ஆவி அதிகம்.

பிர்ச் கொத்து கட்டுவதற்கும் பருவம் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் ஜூலை முதல் வாரத்திலும் வெட்டுவார்கள். அதற்கு முன்னால் இலை பிஞ்சு, பின்னால் முற்றி உதிரும். வெட்டியதைக் கட்டி நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தால் அடுத்த கோடை வரை வரும். வெயிலில் போட்டால் பச்சையும் போச்சு, வாசனையும் போச்சு. முருங்கை இலையை, துளசியை நிழலில் உலர்த்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆயா கேட்ட கேள்வி

மறுநாள் வீடியோ காலில் எல்லாவற்றையும் ஆயாவிடம் ஒப்பித்தாள். ஆயாவுக்குக் கல்லைக் காய்ச்சுகிற கட்டத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. "இது நம்ம வேதுதான்டி" என்றார்.

வேது பிடிப்பதை இன்றைக்குப் பலர் மின்சார ஆவி மெஷின் என்றுதான் அறிவார்கள். அந்தக் காலத்தில் அண்டாவில் தண்ணீர், அதில் நொச்சித் தழை, வேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். அடுப்பில் செங்கல் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக அண்டாவில் போடுவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் மேல் குனிந்து உட்கார வேண்டும். ஆவி குறைந்தால் இன்னொரு செங்கல். சளிக்கும் உடம்பு வலிக்கும் இது வழக்கம். பிள்ளை பெற்ற உடம்புக்கும் கொடுத்தார்கள். ரஷ்யக் கிராமங்களிலும் பெண்களுக்குக் குளியலறையில்தான் பிரசவம் நடந்திருக்கிறது. ஊரிலேயே சுத்தமாகவும் சூடாகவும் தண்ணீர் வசதியோடும் இருந்த இடம் அதுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு ஆயா ஒரே கேள்வி கேட்டார்: "வெளிய யாரு குந்தியிருந்தது?"

கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஆயாவுக்குத் தன் மாமியார் ஞாபகம் வந்தது. கம்பளிக்கு வெளியே உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே, "இருக்கியா? மூச்சு வருதா? போதுமா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாராம். பதில் சொல்ல நேரமானால் கம்பளியை இழுத்துவிடுவார். "அவ கேக்குறது தொந்தரவா இருக்கும். இப்பதான் தெரியுது" என்றார் ஆயா. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. தாத்தாவுக்கு வெளியே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

2023 மே கடைசி. கத்திரி வெயில் கணக்குக்கு முடிந்திருந்தது, காற்றில் புழுக்கம் மட்டும் குறையவில்லை. சொர்ணவாரி நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் பதினோரு மணிக்குப் போனவர் இரண்டு மணியாகியும் வரவில்லை. வரப்பில் கிடந்தார். எழுபது வயதுக்காரர், நெஞ்சடைப்பு என்று ஊரில் சொன்னார்கள், வீட்டிலும் அப்படியே நினைத்துக்கொண்டு காரியம் முடித்தார்கள். வெயில் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பேத்தி நான்காம் ஆண்டில் பாடமாகப் படிக்கிறபோதுதான் அவளுக்குள் அந்தச் சந்தேகம் வந்தது. ஆயாவிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

அதே சூடுதான், ஆனால்...

60 டிகிரி ஆவியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து வந்த பெண். 40 டிகிரியில் வரப்பில் விழுந்த தாத்தா. இது எப்படி?

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கிற பெரிய வழி வேர்வை. வேர்வை வந்தால் மட்டும் போதாது, அது காற்றில் ஆவியாகிப் போக வேண்டும். காய்ந்த காற்றில் சட்டென்று போகும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உடம்போடு ஒட்டி வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. போதாக்குறைக்குத் தண்ணீர் நிற்கிற நெல் வயல். அதிலிருந்தும் ஆவி எழும்புகிறது. ஈரக் காற்று எவ்வளவு சூட்டைச் சுமக்கும் என்பதற்கு இட்லிப் பானை போதும். மூடியைத் திறக்கிற கையில் ஆவி பட்டால் எப்படிச் சுடுகிறது? ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது 540 கலோரி வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகிறது.

ஆவிக் குளியலில் உடம்பு இதையெல்லாம் ஐந்து நிமிஷம் தாங்கினால் போதும். வெளியே ஆறு, டீ, நிழல், கால் மணி நேர ஓய்வு. உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை செய்வதில்லை. கழனியில் நிற்கிறவருக்கு ஐந்து மணி நேரம், குனிந்த முதுகு, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. வேலை செய்கிற தசையும் தன் பங்குக்குச் சூட்டை உண்டாக்குகிறது. உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெயில் தாக்கம். வேர்வை நின்றால்தான் வெயில் தாக்கம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முழு உண்மையில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது தாக்கினால் உடம்பு நனைந்தே இருக்கும். நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அதே நேரத்தில் 108. மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

புதிதாகப் பான்யாவுக்கு வந்தவளைக் கீழே உட்காரவைத்து முதலில் வெளியே அனுப்பினார்களே, அதற்கும் காரணம் உண்டு. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். கோடையில் வேலைக்கு இறங்குகிற முதல் சில நாள்களில்தான் ஆபத்து அதிகம். கம்பெனி வேலை போய், திடீரென்று மே மாதத்தில் மண்வெட்டி எடுக்கிற பிள்ளைகளை முதல் நாளே முழு நேரம் நிற்கவைக்கக் கூடாது.

வேதுவும் எல்லாருக்கும் ஆகாது. இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சல் அனலாக அடிக்கும்போது கம்பளி போர்த்தினால் சூடு இன்னும் ஏறும். சின்னக் குழந்தைகள் கொதிக்கிற அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவது இன்றும் நடக்கிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். தாத்தாவின் சாவுக்கு அது பொருந்தாது. காலமும் முந்தியது, காரணமும் எங்கும் பதிவாகவில்லை. இனிமேல் வெயிலில் ஒருவர் விழுந்து போனால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியில் காரணத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது குடும்பத்தின் உரிமை.

2024 ஜூலையில் மகள் விடுமுறைக்கு வந்தாள். காய்ந்த பிர்ச் கொத்து ஒன்றைப் பெட்டியில் வைத்து ஆயாவுக்குக் கொண்டுவர ஆசை. அப்பா போனிலேயே தடுத்துவிட்டார், சரியாகத்தான் செய்தார். வெளிநாட்டிலிருந்து செடி, தழை, விதை எதையும் உரிய சான்று இல்லாமல் கொண்டுவரக் கூடாது. ஒரு இலையோடு வருகிற பூச்சியும் பூஞ்சாணமும் ஒரு மாவட்டத்துப் பயிரையே காலி செய்யும். அதற்குப் பதிலாக நொச்சியில் ஒரு கொத்து கட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். முன்பு வேலியோரமெல்லாம் நொச்சிதான். ஆடு மாடு வாய் வைக்காது, நெல் மூட்டையில் போட்டால் வண்டு அண்டாது, பூச்சிவிரட்டிக்கும் சேரும். இப்போது பக்கத்து நிலமெல்லாம் மனை போட்டு, வேலி போய்க் கல் நட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் தேடி, கிணற்றுமேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு செடி கண்டுபிடித்தாள். கொத்து கட்டி ஆயா முதுகில் தட்டியதும் ஆயா சிரித்த சிரிப்பில் தழை பாதி உதிர்ந்துவிட்டது. அந்தச் செடியிலிருந்து விரல் கனமுள்ள குச்சியாகப் பத்து வெட்டி, பம்புசெட் ஓரம் ஈரமாக இருந்த வரப்பில் ஊன்றினார் அப்பா. எட்டு துளிர்த்தது.

2025 சொர்ணவாரி நடவுக்கு அப்பா ஒரு மாற்றம் செய்யப் பார்த்தார். காலை ஐந்தரைக்கு இறங்கி பத்தரைக்கு ஏறிவிடுவது, மிச்சத்தை மாலை நான்குக்கு மேல். வரப்போரம் கீற்றுப் பந்தல், குடத்தில் தண்ணீர், மோர். ஒரு ஆள் நடவில் இறங்காமல் பந்தலில் இருந்து மணி பார்த்துக் கூப்பிடுவது. அந்த ஆளுக்கும் கூலி.

நடவு ஆட்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கு வந்தால் வீட்டில் யார் சமைப்பது என்றார் ஒருவர். மாலையில் இன்னொரு இடத்து வேலை போய்விடும் என்றார் இன்னொருவர். சும்மா உட்காருகிறவளுக்குக் கூலியா என்று அவர்களே சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் பேசி, ஆறு மணிக்கு இறங்குவது, பதினொன்றுக்கு ஏறுவது, மாலை வேலை கிடையாது, மிச்சம் மறுநாள் என்று முடிவானது. ஒரு நாள் நடவு ஒன்றரை நாளானது. செலவும் அதற்கேற்றபடி கூடியது. பந்தலில் உட்காரும் வேலைக்கு ஆயாவே வந்துவிட்டார், கூலி கேட்காமல். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தி பேரையும் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வரவில்லை என்றால் எழுந்து நின்று திட்டுவார்.

மூன்றாவது நாள் நடவு ஆட்கள் எட்டு மணிக்கு டீயும் பன்னும் கேட்டார்கள். அதையும் இப்போது நடவுச் செலவில் எழுதி வைத்திருக்கிறார் அப்பா.